யூனிக்ஸில் அறியாக் கட்டளையை அறியும் நெறி

தமிழ்த்துறை மலரில் யூனிக்ஸ் பற்றிய கட்டுரையா என வியப்போர் இருக்கலாம். அருஞ்சொல்லைக் கண்டால் நிகண்டையும் உரையையும் நாடும் மாணவர்க்கு, கணிப்பொறித் திரையில் அறியாத கட்டளையைக் கண்டவிடத்தும் அப்பயிற்சியே கைகொடுக்கும்.

யூனிக்ஸ், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. அங்குக் கட்டளைகளுக்கு இட்ட பெயர்கள் மிகச் சுருங்கியவை. 'ஆக்' என்பது ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் எனும் மூவர் பெயர்களின் முதலெழுத்துச் சேர்க்கை. இதனைப் பெயரிலிருந்து எவர் ஊகிக்க இயலும்? இயக்கிப் பார்த்து அறியலாம் என்பதோ அதனினும் தீது. 'ஆர்எம்' அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை, அழிந்தது அழிந்ததே.

முதற்கண் 'டைப்' எனும் கட்டளையோடு அறியாப் பெயரைச் சேர்த்து வினவுக. அது தனி நிரலா, நம் ஆணைகளை ஏற்கும் ஷெல்லின் உள்ளுறுப்பா, எவரேனும் இட்ட மாற்றுப்பெயரா என்பது தெரியவரும். பின்னர் 'வாட்இஸ்' நிகண்டுபோல் ஒருவரிப் பொருள் தரும். பணி தெரிந்து பெயர் தெரியாவிடின் 'அப்ரோபோ' தேடித் தரும்.

விரிவுரைக்கு உரியது 'மேன்' எனும் கையேடு. இதன் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. அதிலேயே 'குறைகள்' எனத் தனித்தலைப்பு இட்டிருந்தனர். நம் உரையாசிரியர்களிடத்தும் காண்டற்கரிய பண்பு இது! கையேட்டின் சுருக்கப் பகுதி நூற்பா போன்றது. சதுர அடைப்புக்குள் இருப்பது விரும்பினால் இடத்தக்கது. நெடுங்கோடு, இரண்டில் ஒன்றைக் கொள்க என்பது. முப்புள்ளி, மீண்டும் வரலாம் என்பது. இக்குறிகளை அறியாதவர்க்குக் கையேடு முழுதும் இருளே.

பலபொருள் ஒருசொல்லும் இங்கு உண்டு. 'பாஸ்வேர்டு' எனும் சொல், கையேட்டின் முதற்பிரிவில் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை. ஐந்தாம் பிரிவில் பயனர் விவரம் தாங்கும் கோப்பு. பிரிவெண்ணையும் சேர்த்துக் கேட்டால் மயக்கம் தீரும்.

பாடபேதமோ இன்னும் நுட்பமானது. கோப்பைத் திருத்தும் 'செட்' கட்டளையின் 'ஐ' எனும் விருப்பக்குறி, லினக்ஸில் பின்னொட்டு இன்றியும் இயங்கும். அவ்வாறாயின் பழைய படி எஞ்சாது. ஆப்பிள் மேக்கிலோ, அடுத்து வரும் சொல்லையே அது காப்புப்படியின் பின்னொட்டாகக் கொண்டுவிடும். ஆகவே பிறர் எழுதித் தந்த வரியை நம் பொறியின் கையேட்டோடு ஒப்பிடாமல் இடலாகாது.

பழஞ்சுவடிப் படங்கள் நிறைந்த வட்டைப் படியெடுக்க 'டிடி' கட்டளையைப் பயன்படுத்துவோர்க்கு இது பெரிதும் பொருந்தும். 'ஐஎஃப்' மூலத்தையும் 'ஓஎஃப்' இலக்கையும் சுட்டுவன. இரண்டும் இடம் மாறின், வெற்று வட்டின் உள்ளீடு சுவடிப் படங்களின்மேல் எழுதப்படும். அக்கட்டளை ஒரு சொல்லும் கேளாது. லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' என இட்டு, வட்டுகளின் பெயரையும் கொள்ளளவையும் கண்டபின் 'என்டர்' விசையை அழுத்துக.