ஒரகடத்தில் வேலை வேண்டுமா? சான்றிதழை முதலில் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனி வேலையை நம்பிப் பயிற்சியில் சேர்பவர்கள், பணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: சான்றிதழ் யார் பெயரில் வரும்? தேசிய (என்.சி.வி.டி.) அல்லது மாநில (எஸ்.சி.வி.டி.) தொழிற்பயிற்சிக் குழும அங்கீகாரம் இல்லாத காகிதத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கேளுங்கள். நிறையப் பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டு, பிட்டர் இரண்டாண்டு. ஆனால் இன்று இயந்திரக் கைகள் நிறைந்த தொழிற்சாலைகளில் வேலைக்கு, ஐ.டி.ஐ.களில் புதிதாக வந்துள்ள ரோபாட்டிக்ஸ், சி.என்.சி., மின்வாகனப் பிரிவுகளை முதலில் விசாரிப்பதே என் யோசனை.

படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டு. ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வெறும் ‘டிரெய்னி’ என்று காண்டிராக்டர் சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்தால் ஷிப்டில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். தினமும் அரை மணி நடந்து, கால்களை இப்போதே பழக்குங்கள்.