பழைய வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா ஆகியவற்றைக் கடந்ததும் சந்தாபுரா என்னும் ஊர் வருகிறது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் தொழிற்சாலைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் மிகுதி. 1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தோற்றுவித்த பின்னர், வேலையை நாடி இப்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒரு குடும்பத்தின் பரணிலே கிடந்த பழைய கணிப்பொறியே இப்பாடத்திற்குப் பொருளாயிற்று.

இக்கட்டுரையாளரின் தமையனார் 2003-ஆம் ஆண்டில் அக்கணிப்பொறியை வாங்கினார். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற தந்தையார், தாம் நெடுங்காலம் குறிப்பேடுகளில் எழுதிச் சேர்த்திருந்த விஞ்ஞானச் சொற்களை அதிலே தட்டெழுதி, அகரவரிசைப்படுத்தி வந்தார். வீடு மாறியபோது குறிப்பேடுகள் மழையில் நனைந்து அழிந்தன. 2011-இல் கணிப்பொறியும் நின்றது. மறு ஆண்டு தந்தையாரும் மறைந்தார். பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர், "மதர்போர்டு போய்விட்டது, உள்ளே இருந்ததெல்லாம் போனது போலத்தான்" என்றார். பழைய இரும்புக்குப் போட மனமின்றி வீட்டார் அதனைப் பரணில் ஏற்றினர்.

கடைக்காரர் கூற்றில் முற்பகுதி உண்மை, பிற்பகுதி பிழை. மதர்போர்டு பழுதானால் கணிப்பொறி இயங்காது. ஆனால், கோப்புகள் மதர்போர்டில் இருப்பதில்லை. அவை ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் உள்ளன. வீட்டின் கதவு பழுதுபட்டு அடைந்துகொண்டால், உள்ளிருக்கும் பெட்டி அழிந்துவிட்டதென்று எவரும் கருதுவதில்லை அன்றோ?

தட்டும் எழுத்தும்

வன்தட்டின் உறைக்குள்ளே, காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் ஓர் அச்சில் பொருத்தப்பட்டு, நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. காந்தப் பூச்சின் நுண்ணிய பகுதிகள் ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமேற்றப்படுகின்றன. இவ்விரு நிலைகளைக் கொண்டே எழுத்து, ஒலி, படம் யாவும் பதியப்படுகின்றன. இப்பதிவு நிலைத்திருக்க மின்சாரம் வேண்டுவதில்லை. ஆகவே, பல ஆண்டுகள் பரணிலே கிடந்த தட்டும் படிக்கத்தக்கதாக இருத்தல் கூடும்.

வன்தட்டுடன் கூடிய முதற் கணிப்பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அச்சாதனம் 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. எடையோ ஒரு டன்னுக்கும் மேல். சந்தாபுரா வீட்டிலிருந்த வன்தட்டு 40 ஜிகாபைட் அளவினது; உள்ளங்கையில் அடங்கும் அதன் கொள்ளளவு, முன்னதைப்போல் ஏறக்குறைய 8,000 மடங்காகும்.

கேபிளின் பணி

பழைய வன்தட்டை இன்றைய மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் நேரே செருக இயலாது. இரண்டிற்கும் முனைகள் வேறு; பேசும் மொழியும் வேறு. இவ்விரண்டையும் இணைப்பதே அடாப்டர் கேபிளின் பணி. இதனை வெறும் கம்பியென்று எண்ணலாகாது. இதன் தலைப்பகுதியில் ஒரு சிறு சில்லு உள்ளது. கணிப்பொறி யு.எஸ்.பி. முறையில் அனுப்பும் கட்டளையை அச்சில்லு வன்தட்டு அறியும் கட்டளையாக மாற்றித் தருகிறது. விடையை மீண்டும் யு.எஸ்.பி. முறைக்கு மாற்றுகிறது. இரு மொழியாளரிடை நிற்கும் துபாஷியின் வேலை இது எனலாம்.

கேபிளை வாங்குமுன் வன்தட்டின் இனத்தை அறிதல் வேண்டும். ஐ.டி.இ. எனப்படும் பழைய இனத்தில், 3.5 அங்குல வன்தட்டிற்கு இரு வரிசையாக 40 இடங்களுடைய முள் இணைப்பும், மின்சாரத்திற்குத் தனியே நான்கு முட்களும் இருக்கும். மடிக்கணினிக்குரிய 2.5 அங்குல ஐ.டி.இ. தட்டில், மின்சாரத்திற்கும் சேர்த்து 44 இடங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். 2003 முதல் பரவிய சேட்டா இனத்தில் முட்கள் இல்லை. தட்டையான இரு நாக்குகள் உண்டு. அவற்றுள் சிறியது 7 தொடுமுனைகளும் பெரியது 15 தொடுமுனைகளும் உடையது. மூவகைக்கும் பொருந்தும் கேபிள்களும் விற்பனைக்கு உள்ளன. பெங்களூரில் எஸ்.பி. ரோடு என வழங்கும் சாதர் பத்ரப்பா சாலையின் கடைகளில் இவற்றைக் கேட்டு வாங்கலாம். வன்தட்டையோ அதன் முனையின் படத்தையோ உடன் கொண்டு செல்லுதல் நன்று.

மின்சாரத்தையும் கருத வேண்டும். 2.5 அங்குலத் தட்டு 5 வோல்ட்டில் இயங்குவதால் பெரும்பாலும் யு.எஸ்.பி. துளை தரும் மின்சாரமே அதற்குப் போதும். 3.5 அங்குலத் தட்டிற்கோ 12 வோல்ட்டும் வேண்டும். எனவே, தனி மின்வழங்கியுடன் வரும் கேபிளையே அதற்கு வாங்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதார், தட்டு சுழலாமையைக் கண்டு அது கெட்டுவிட்டதென முடிவு செய்வதுண்டு.

இணைக்கும் முறை

முதலாவதாக, மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பின்னரே பழைய கணிப்பொறியின் பெட்டியைத் திறந்து வன்தட்டைக் கழற்ற வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் தட்டின் மின்சுற்றைக் கெடுக்கக்கூடும். ஆதலின், பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு தட்டை அதன் ஓரங்களைப் பற்றி எடுத்தல் வேண்டும்.

ஐ.டி.இ. தட்டின் பின்புறத்தில் ஜம்பர் என்னும் சிறு மூடி ஒன்று இருக்கும். தட்டின் மேலுள்ள அட்டவணையைப் பார்த்து அதனை 'மாஸ்டர்' நிலையில் வைத்தல் வேண்டும். பின்னர்க் கேபிளைச் செருக வேண்டும். 40 இடங்களுள் 20-ஆவதில் முள் இல்லாதிருப்பது சரியான திசையை அறிவதற்கே. எளிதிற் செல்லாவிடில் திசை தவறு என்று பொருள். வலிந்து அழுத்தினால் முட்கள் வளையும். நான்முள் மின்னிணைப்பில் மஞ்சள் கம்பி 12 வோல்ட்டும் சிவப்புக் கம்பி 5 வோல்ட்டும் தருவன. இதைத் தலைகீழாகச் செருகினால் 5 வோல்ட் செல்லவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து மின்சுற்று கருகிவிடும்.

தட்டை அசையாத மேசைமேல் ரப்பர் விரிப்பின்மீது வைத்து, கேபிள் பொருந்திய பின்னரே மின்சாரம் தர வேண்டும். மெல்லிய ரீங்காரத்துடன் தட்டு சுழலத் தொடங்கும். அதன் பின் யு.எஸ்.பி. முனையைக் கணிப்பொறியில் செருகலாம். சுழலும் தட்டை இடம் மாற்றுதல் கூடாது.

படி, எழுதாதே

இணைத்தவுடன் சிலபோது கணிப்பொறி, "இத்தட்டை ஃபார்மேட் செய்த பின்னரே பயன்படுத்த முடியும், செய்யலாமா?" என்று வினவும். தட்டு காலியாயிருக்கிறது என்பது இதன் பொருளன்று. கோப்புகளின் அட்டவணை கணிப்பொறிக்கு விளங்கவில்லை என்பதே பொருள். இசைவு தரலாகாது. பிழைகளைத் தாமே திருத்துவதாகக் கூறும் செய்திக்கும் இசையலாகாது. மீட்புப் பணியின் தலையாய விதி, பழைய தட்டிலிருந்து படிக்கலாம், அதன்மீது ஒன்றும் எழுதலாகாது என்பதே.

கோப்புறைகள் தெரிந்தால், மிக அரியவற்றை முதலில் வேறு தட்டிற்குப் படியெடுக்க வேண்டும். யு.எஸ்.பி. 2.0 இணைப்பில் வினாடிக்கு 30 மெகாபைட் செல்வதாகக் கொண்டால், 40 ஜிகாபைட் முழுவதையும் பெற ஏறக்குறைய 22 நிமிடம் ஆகும். சிறு கோப்புகள் பலவாயின் காலம் கூடும்.

கோப்புகள் தெரியாவிடினும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள், தட்டு முழுவதையும் உள்ளது உள்ளவாறே ஒரே உருவக்கோப்பாகப் படியெடுக்கும். பழுதான இடங்களை முதலில் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளைக் காப்பாற்றிய பின்னரே அவ்விடங்களுக்கு அது மீளும். அவ்வாறு எடுத்த உருவக்கோப்பின்மீது டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் முதலிய மென்பொருள்களைக் கொண்டு தேடலாம். மூலத்தட்டு தொடப்படாமல் இருக்கும்.

கைவைக்கலாகாத நிலை

'டக், டக்' என்று சீராகத் தட்டும் ஒலியோ உராயும் ஒலியோ எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். படிக்கும் முனை பழுதுற்றது என்பதற்கு அஃது அறிகுறி. ஒரு மில்லிமீட்டரை ஓர் இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறளவே, 2003-ஆம் ஆண்டுக் காலத்துத் தட்டிற்கும் அம்முனைக்கும் இடையிலுள்ள வெளி. அவ்வெளிக்கு ஒரு தூசியும் மலையே. ஆதலால் வீட்டில் உறையைத் திறத்தல் அழிவாகும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்னும் கூற்றையும் நம்பலாகாது. தட்டின்மேல் ஈரம் படிந்து கேடு மிகும். தூசி நீக்கிய அறையுடைய மீட்பு நிலையத்தாரிடம் ஒப்படைப்பதே வழி. கோப்புகள் சங்கேதமாகப் பூட்டப்பட்டு, திறவுச்சொல் மறைந்துபோன தட்டிற்கும் கேபிள் உதவாது.

எழுத்துருச் சிக்கல்

சந்தாபுராத் தட்டு நல்லூழாகச் சுழன்றது, கோப்புறைகளும் தெரிந்தன. தந்தையாரின் சொற்றொகுதியைத் திறந்தபோது தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிரம்பியிருந்தன. கோப்பு சிதைந்ததென்று தமையனார் கலங்கினார். உண்மையில் ஓர் எழுத்தும் சிதையவில்லை.

அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து அமைக்கப்பட்டவை. பாமினி என்னும் எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்' இருக்குமிடத்தில் அகரமும், 'கே' இருக்குமிடத்தில் மகரமும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்க்குரிய புள்ளியும், 'எச்' இருக்குமிடத்தில் காலும் உள்ளன. எனவே, 'அம்மா' என்று அடித்தது, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தோன்றும். 1999-இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இணையத் தமிழர் சிலர் டிஸ்கி முறையைக் கையாண்டனர். 2010-இல் யூனிகோடும் டேஸ் 16-உம் அரசின் தரமாயின. இன்று யூனிகோடே எங்கும் பரவியுள்ளது. ஆகவே, பழைய தமிழ்க் கோப்பு யூனிகோடில் இல்லாவிடில், பயன்பட்ட எழுத்துருவை அறிந்து யூனிகோடுக்கு மாற்றுதல் வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உள்ளன. பழைய தட்டின் எழுத்துருக் கோப்புறையையும் படியெடுத்தல் இதனாலேயே அவசியமாகிறது.

மாற்றிய பின் சொற்கள் அனைத்தும் விளங்கின. தொகுதி 'வி' என்னும் எழுத்தளவில் நிற்கிறது. எஞ்சியதை இப்பொழுது மக்கள் இருவரும் நிரப்பி வருகின்றனர்.

உலகியல் சான்று

இச்சிக்கல் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் சந்திரனைப் படமெடுத்து அனுப்பிய குறிகள் காந்த நாடாக்களில் பதியப்பெற்றன. நாடாக்கள் காக்கப்பட்டன, ஆனால், அவற்றைப் படிக்கும் யந்திரங்கள் வழக்கொழிந்தன. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பழைய யந்திரங்களைப் பழுது நீக்கி, 23-8-1966 அன்று சந்திரனருகிலிருந்து எடுத்த பூமியின் படத்தை 2008 நவம்பரில் புதிய தெளிவுடன் வெளியிட்டனர். பதிவைக் காத்தல் மட்டும் போதாது. படிக்கும் கருவியையும், முறையையும் உடன் காத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

மீட்ட பின்பு

மீட்ட கோப்புகளை வெவ்வேறு சாதனங்களில் இரு படிகளாக வைத்து, ஒன்றை வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ வைத்தல் நன்று. ஒவ்வொரு படியையும் திறந்து பார்த்து உறுதி செய்யும் வரையில் பழைய தட்டை அகற்றலாகாது. அகற்றும்போது, கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. நீக்கியவற்றையும் இதே கேபிளால் அயலார் மீட்கக்கூடும். தட்டு முழுவதையும் புதிதாக எழுதி மூடிய பின்னர், மின்னணுக் கழிவை ஏற்க அனுமதி பெற்றோரிடம் தர வேண்டும். இதற்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 1-4-2023 முதல் நடைமுறையில் உள்ளன.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. கணிப்பொறி நின்றதனால் கோப்பு அழிந்ததென்று கொள்ளலாகாது.
2. தட்டின் இனமும் அளவும் அறிந்து கேபிளும் மின்வழங்கியும் தேர்தல் வேண்டும்.
3. பழைய தட்டின்மீது எதனையும் எழுதலாகாது. ஃபார்மேட் செய்ய இசையலாகாது.
4. தட்டும் ஒலி கேட்டால் உடனே நிறுத்துதல் வேண்டும்.
5. பழைய தமிழ்க் கோப்பு குழம்பித் தோன்றினால், அதன் எழுத்துருவைத் தேடுதல் வேண்டும்.

வாசகர் இல்லங்களிலும் இத்தகைய தட்டுகள் பரணிலே கிடத்தல் கூடும். காந்தப் பதிவு பல்லாண்டு நிற்பதாயினும் என்றும் நிற்பதன்று. அச்சும் மின்சுற்றும் நாளடைவில் பழுதுறும். ஆதலின், அவற்றை இறக்கிப் பார்ப்பதை இன்னும் தள்ளிப்போடாதிருத்தல் நலம்.