கடல் கடந்து மாற்றுத்திறனாளிகளிடம் போகிறவருக்கு



மாற்றுத்திறனாளிகள் நடுவே நடக்கும் மிஷனரி ஊழியம் மருத்துவ ஊழியத்தையும் கல்வி ஊழியத்தையும் ஒட்டி வளர்ந்தது. ஜெர்மானியப் போதகர் எர்ன்ஸ்ட் கிறிஸ்டோஃபெல் 1908இல் துருக்கியின் மலாத்யாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஓர் இல்லம் திறந்தார். இன்று சி.பி.எம். (CBM) என்ற பெயரில் பல நாடுகளில் இயங்கும் அமைப்புக்கு அதுவே தொடக்கம். அதற்கும் முன்பே பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பள்ளி தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாடு இந்த ஊழியத்தைக் கைநீட்டிப் பெற்ற மண். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவருக்கு மேலைநாட்டு மிஷனரிக்கு இல்லாத ஒரு பலம் இருக்கிறது: வெளியாள் ஒருவர் வந்து உதவும்போது பெற்றுக்கொள்பவரின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர் தன் சொந்த ஊரிலேயே கேட்டறிய முடியும்.

இந்த ஊழியத்துக்கு அழைப்பும் வேண்டும், தொழிலும் வேண்டும். இரக்கத்தை மட்டும் சுமந்துகொண்டு போய் இறங்குகிறவர் அங்கிருப்பவர்களுக்குப் பாரமாகிவிடுகிறார். இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, செயற்கைக் கால் செய்தல், பிரெயில் கற்பித்தல், சிறப்புக் கல்வி ஆகியவற்றில் ஒன்றையாவது முறைப்படி படித்து, உள்ளூரில் சில ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த பிறகு புறப்படுவதே நல்லது. மிஷனரி என்று விசா தராத நாடுகளும் தொழில் தெரிந்தவருக்குக் கதவு திறக்கின்றன. அப்படிப் போகிறவர் தொழிலை ஒரு போர்வையாக நினைக்கலாகாது. விசாவில் இயன்முறை சிகிச்சையாளர் என்று எழுதியிருந்தால் அவர் நல்ல இயன்முறை சிகிச்சையாளராக இருந்தாக வேண்டும். சுவிசேஷம் அறிவிப்பதைப் பற்றி அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் விமானம் ஏறுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு முதல் வேலை மொழி. காதுகேளாதோரிடம் போகிறவருக்கு இது இரட்டை வேலை: ஊர் பேசும் மொழி ஒன்று, காதுகேளாதோரின் சைகை மொழி இன்னொன்று. சைகை உலகமெல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் தவறு. பிரிட்டனும் அமெரிக்காவும் பேசுவது ஒரே ஆங்கிலம்; ஆனால் அவற்றின் சைகை மொழிகள் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியச் சைகை மொழி தெரிந்தவர் ஆப்பிரிக்காவில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் ஆண்ட்ரூ ஃபாஸ்டரின் ஊழியம் ஊன்றிப் படிக்கத்தக்கது. அலபாமாவில் 1925இல் பிறந்த இந்தக் கறுப்பின அமெரிக்கர், பதினோராம் வயதில் மூளையுறைக் காய்ச்சலால் செவிப்புலனை இழந்தார். காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கானாவில் அப்போது காதுகேளாதோருக்குப் பள்ளியே கிடையாது. 1957இல் அக்ராவுக்குப் போன ஃபாஸ்டர், வேறொரு பள்ளியின் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, அங்கே பகல் வகுப்பு முடிந்த பிறகு பாடம் நடத்தினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் 13 ஆப்பிரிக்க நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அவர் முயற்சியால் எழுந்தன. 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும்வரை அவர் ஓயவில்லை. காதுகேளாத ஒருவரே ஆசிரியராக வந்து நின்றது அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

அந்த ஊழியத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஃபாஸ்டர் கொண்டுபோனது அமெரிக்கச் சைகைகள். இன்றைய கானா சைகை மொழி அவற்றின் வழி வந்ததே. கானாவின் அடமோரோபே என்ற சிற்றூரில் பரம்பரையாகப் பலருக்குக் காது கேட்காது. தலைமுறைகளாக அங்கே தனியாக ஒரு சைகை மொழி வழங்கிவந்தது, காது கேட்பவர்களும் அதைக் கையாண்டார்கள். அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய் அங்குள்ள சைகை மொழிக்கு மாறியதால் ஊர் மொழி மெலிந்துவருகிறது. பள்ளியே இல்லாத இடத்தில் பள்ளி தந்தவரை இதற்காகக் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் இன்று போகிறவருக்கு அந்த விவரம் தெரியும். ஆகவே தான் போகும் ஊரில் ஏற்கெனவே வழங்கும் சைகைகளைக் கற்காமல் வகுப்பு தொடங்க அவருக்கு உரிமையில்லை.

அடுத்தது, கேட்பது. எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த பர்திமேயு பார்வையற்றவன் என்பது கூட்டத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் இயேசு அவனை அழைத்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவன் வாயிலிருந்து பதில் வந்த பிறகுதான் குணமாக்கினார். ஊழியர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான். நடக்க முடியாத ஒரு பெண்ணுக்கு வேண்டியது நாற்காலியா, தையல் இயந்திரமா, தங்கையின் திருமணத்துக்குத் தன்னையும் அழைத்துப்போகும் குடும்பமா என்பதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

கேட்கவும் கூர்ந்து பார்க்கவும் தெரிந்த மிஷனரிக்கு வேலூரின் பால் பிராண்ட் நல்ல உதாரணம். கொல்லிமலையில் வளர்ந்து, 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் அவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரின் கையைப் பிடித்தபோது, அந்தப் பிடியின் வலு அவருக்கே வலித்தது. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் தசை உயிரோடு இருந்தது. நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. விரல்கள் தேய்ந்துபோவது வலி தெரியாததால் நேரும் காயங்களால் என்பதையும் அவர் நோயாளிகளோடு பழகியே கண்டார். சிலருக்கு இரவோடு இரவாக விரல் குறைந்தது. காவலிருந்து பார்த்ததில், தூங்கும்போது எலி கடித்தது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்புகிறவரோடு ஒரு பூனையும் போனது. நிமிர்ந்த கையோடு ஊர் போனவர்களுக்கோ யாரும் வேலை தரவில்லை. கை நேரானதால் பிச்சையும் குறைந்தது. அதைக் கேட்ட பிறகே, நோயாளிகள் தங்கித் தச்சு வேலை முதலிய தொழில்களைக் கற்கும் மண் வீட்டுக் குடியிருப்பு வேலூரில் உருவானது. அறுவை அறையோடு அந்த ஊழியம் நின்றிருந்தால் பாதி ஊழியமாகவே இருந்திருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளில் எச்சரிக்கை வேண்டும். நன்கொடையாக வந்திறங்கும் சக்கர நாற்காலி உடல் அளவுக்குப் பொருந்தாவிட்டால், மெத்தை இல்லாவிட்டால், படுக்கைப் புண்ணைத் தரும். உணர்ச்சியற்ற இடுப்பில் அந்தப் புண் உயிரையே வாங்கக்கூடும். சக்கரம் கழன்றால் உள்ளூர் சைக்கிள் கடையில் சரிசெய்ய முடிகிறதா என்பதே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி. 1968இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால், சம்மணமிட்டு உட்காரவும் செருப்பின்றி வயலில் இறங்கவும் இடம்கொடுத்ததால் நிலைத்தது.

ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுகம் வேண்டி ஜெபிப்பது சபையின் உரிமை. ஆனால் சுகம் கிடைக்காதவரின் விசுவாசத்தில் குறை கண்டுபிடிப்பது கொடுமை. பவுலின் மாம்சத்திலிருந்த முள் மூன்று முறை வேண்டியும் எடுபடவில்லை. அவர் விசுவாசத்தை யாரும் குறைசொன்னதில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களையும் இயேசு திருத்தினார். குறைபாட்டைச் சாபம் என்று நம்பும் ஊரில், அந்த நம்பிக்கைக்கு மிஷனரியின் மேடையும் துணைபோகக் கூடாது. ஒருவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, எழுந்து நட என்று கட்டளையிடுவதும் கூடாது. பள்ளியும் சாப்பாடும் சிகிச்சையும் ஞானஸ்நானத்தை எதிர்பார்த்துத் தரப்படக் கூடாது. பசித்தவர் அந்த நிலையில் சொல்லும் ஆமென் சுதந்திரமான பதிலாகாது.

ஆதரவாளர்களுக்குப் போகும் ஜெபக் கடிதத்திலும் இந்த மரியாதை வேண்டும். தரையில் தவழும் பிள்ளையின் படம் காணிக்கையைக் கூட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை வளர்ந்து தானே அந்தப் படத்தைப் பார்த்தால் கூசிப்போகுமா என்று நினைத்துப்பார்த்து, சம்மதம் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, விடுதி கடைசி வழி. உதவி கிடைத்தால் தாய் தகப்பன் வீட்டிலேயே வளரக்கூடிய பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது ஊழியருக்கு வசதி, பிள்ளைக்கு இழப்பு. பேச முடியாத, பார்க்க முடியாத பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு எளிதில் ஆளாகிறார்கள். மூடிய அறையில் எந்த ஊழியரும் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி, ஊழியத்தின் தலைவருக்கும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். ஊழியர் தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும்: தன் உடம்பையும் குடும்பத்தையும் கவனிக்காமல் ஓடுகிறவர் நீண்ட நாள் நிற்பதில்லை; வார ஓய்வும் ஆண்டு விடுப்பும் வேலையில் சேர்ந்தவை.

பொறுப்பை ஒப்படைப்பது கடைசி நாள் வேலையாகத் தோன்றும். அதை முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். ஒதுங்கி ஓய்வெடுக்கச் சொல்லாமல், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்ய அவருக்கு வழி திறந்துவிட்டார்கள். பிறகு அவர் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் திறந்த புனர்வாழ்வு நிலையம் அவர் உழைப்பால் வந்தது. ஃபாஸ்டரும் நைஜீரியாவின் இபாடானில் பல நாட்டுக் காதுகேளாதோரை வரவழைத்து ஆசிரியர்களாகவும் தலைவர்களாகவும் பயிற்றுவித்தார். ஆகவே நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் பெயருக்கு ஒருவராக இல்லாமல் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரமும், ஆள் எடுக்கும் அதிகாரமும், மிஷனரியையே திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவர்களிடம் வந்த பிறகு, அவர் அங்கே தங்குவதா ஊர் திரும்புவதா என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள்.