தோத்துட்டு வந்த பிள்ளைக்கு முதல்ல சோறு போடு

தங்கச்சி, அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நீ அல்லாடுவது எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது ஒரு எழுத்து தப்பினால் நோட்டைக் கிழிக்கிறான், விளையாட்டில் தோற்றால் சாப்பிட மாட்டேன் என்கிறான், இதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியையே எடுத்துக்கொள். மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துபோய், மைக் முன்னால் திருதிருவென்று முழித்துவிட்டு, பிள்ளை அழுதுகொண்டே இறங்கி வருகிறது. அந்த நேரத்தில் நம் வாயில் வருவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். "அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!" இல்லாவிட்டால், "விடு கண்ணு, இதெல்லாம் ஒரு போட்டியா!" அதுவும் இல்லாவிட்டால், "அவங்களுக்கு வேண்டிய புள்ளைக்குத்தான் பிரைஸ் குடுப்பாங்க." முதலாவது குத்துகிற பேச்சு என்று சொல்கிற நமக்கே தெரியும். இரண்டாவது, பிள்ளை உருப்போட்ட உழைப்பை ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடுகிறது. எனக்குப் பயம் மூன்றாவதைப் பார்த்துத்தான். தோற்றால் அடுத்தவனைக் கைகாட்டலாம் என்று ஏழு வயதில் பழகிவிட்டால், பிறகு மாற்றுவது லேசில்லை.

அன்றைக்கு எதுவும் பேசாதே. அழட்டும். முகம் கழுவிவிட்டு, சூடாக ரசம் ஊற்றி ஒரு முட்டையும் வைத்துச் சோறு போடு. மறுநாள் சாயங்காலம் மெதுவாகக் கேள்: "எந்த இடத்துல நின்னுச்சு?" பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் காலை வாரியிருக்கும். அதற்கு முந்தின வரியில் ஆரம்பித்து, அந்த இடத்தைத் தாண்டும்வரை மட்டும் சொல்ல வை. முதலில் அப்பாயி முன்னால், அப்புறம் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால். கூடவே, மேடையில் மறந்துபோனால் என்ன சொல்ல வேண்டும் என்றும் கற்றுக்கொடு. "ஒரு நிமிஷம், யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மைக் பாதி பயம்தான் காட்டும்.

பாராட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1998-ல் வெளியானது. எளிய புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரை 'நீ கெட்டிக்காரன்' என்றும், சிலரை 'நல்லா உழைச்ச' என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். அதன்பின் மறுபடி எளியதைக் கொடுத்தபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். அதில் பலர் தாங்கள் வாங்கிய மார்க்கைக் கூட்டியே சொன்னார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னைவிட நன்றாகவே செய்தார்கள். அதற்காக நாள் முழுக்க 'முயற்சி, முயற்சி' என்று ஓதாதே. "நேத்து 'ழ' வரல, இன்னைக்கு வந்துடுச்சு" என்று கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும்.

தாயம் ஆடு

எந்த வகுப்புக்கும் அனுப்ப வேண்டாம், தரையில் சாக்பீஸால் ஒரு தாயக்கட்டம் போடு. தோற்கப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. பழமாகப் போகிற நேரத்தில் காய் வெட்டுப்படும். மறுபடி தாயம் விழுந்தால்தான் அந்தக் காயை இறக்கவே முடியும். அந்தத் தாயமோ, கேட்கிறபோது விழாது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையை உருட்டும். அந்த நேரத்தில் உனக்கு இரக்கம் வந்து, வெட்டாமல் வேறு காயை நகர்த்துவாய் பார், அதைச் செய்யாதே. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் உண்மையாக ஜெயித்தாலும் "நீ வேணும்னே விட்டுக்கொடுத்த" என்பார்கள்.

சின்னப் பிள்ளை எப்போதும் தோற்றால் ஆட வராதே என்பாய். அப்படியானால் ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சலுகை கொடு: "உனக்கு ரெண்டு காய் பழமானா போதும், எனக்கு நாலும் ஆகணும்." ஒளித்துத் தோற்பதைவிட இது நேர்மை. நாலு வயசுக்காரனாக இருந்தால் அப்பாயியோடு கூட்டு சேர்த்துவிடு. கோபத்தில் கட்டத்தைக் கலைத்தால் திட்டாதே, அடிக்காதே. காயைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். அன்றைக்கு மறு ஆட்டம் கிடையாது. நாளைக்கு அவனே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவான்.

விழுந்தால் நீ எப்படி எழுந்திருக்கிறாய்?

2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளக் கொல்லைகளைத் தின்று தீர்த்தது நினைவிருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி என்ன பேசினார்கள் என்பது அங்கே படுத்திருந்த பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கும். 'எல்லாம் போச்சு' என்பதோடு பேச்சு முடிந்த வீடும் உண்டு. திட்டித் தீர்த்துவிட்டு, 'கோடை உழவு ஆழமா ஓட்டுவோம், வேப்பம் புண்ணாக்கு போடுவோம், இனக்கவர்ச்சிப் பொறி வச்சுப் பார்ப்போம்' என்று பேசிய வீடும் உண்டு. பிள்ளைக்குப் பாடம் அந்த இரண்டாவது பேச்சில் இருக்கிறது. கஷ்டத்தை மறைக்க வேண்டாம், கடன்காரன் கணக்கை மட்டும் பிள்ளை தலையில் ஏற்றாதே.

பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பழகும் என்பது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜூலியா லியோனார்டும் குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றேகால் வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்தது. டப்பாவிலிருந்து பொம்மையை எடுக்கப் பெரியவர் ஒருவர் திணறித் திணறி எடுப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். சிலர், அவர் சட்டென்று எடுப்பதைப் பார்த்தார்கள். பிறகு, அழுத்தினாலும் வேலை செய்யாத ஒரு பொத்தான் வைத்த பொம்மையைக் கையில் கொடுத்தபோது, திணறலைப் பார்த்த குழந்தைகளே அதிகத் தடவை அழுத்திப் பார்த்தார்கள். ஆகவே ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் புருஷனைக் கூப்பிடும் முன், பிள்ளை எதிரே கொஞ்சம் முக்கு. "இப்படித் திருப்பிப் பார்ப்போமா, துணி வச்சுப் பிடிப்போமா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்.

நம்ம மாவட்டத்துப் பையன் ஒருவனின் ஆட்டத்தைக் காட்டு

அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்று இந்திய ஹாக்கி அணிக்குப் போனவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கோல் அடித்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியிலும் இருந்தார். லீக் ஆட்டத்தில் மலேசியாவை இந்தியா 5-0 என்று விரட்டியது; முதல் கோல் கார்த்தியுடையது. அதே மலேசியா இறுதி ஆட்டத்தில் பாதி நேரத்தில் 3-1 என்று முன்னால் நின்றது. மூன்றாவது கால்பகுதி முடிகிற நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், கடைசியில் 56-வது நிமிஷத்தில் ஆகாஷ்தீப் சிங் ஒன்று. இந்தியா 4-3.

அந்த ஆட்டத்தைப் போனில் போட்டு, பாதி நேரத்தில் நிறுத்திப் பிள்ளையிடம் கேள்: "நீ கோச்சா இருந்தா இப்ப என்ன சொல்லுவ?" என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொள், திருத்தாதே. நாளை அவன் தோற்றுவிட்டு வரும்போது அதையே நீ அவனிடம் திருப்பிச் சொல்லலாம்.

பள்ளிக்கூடத்திலும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பார்கள். உன் பிள்ளை அரும்பில் இருந்தால் தெருவில் சொல்லிப் புலம்பாதே, மலரில் இருந்தால் பீற்றிக்கொள்ளாதே. இந்த வருஷம் எங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது என்று டீச்சருக்குத் தெரிய வேண்டும், அதற்காக வைத்தது அது.

ஒன்றே ஒன்று. எல்லா அடியையும் தாங்கிக்கொள் என்று பிள்ளையிடம் சொல்லாதே. நம் மாவட்டத்தில் குழுமூர் அனிதாவை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. கூலி வேலை பார்த்த அப்பாவின் மகள், பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்து, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றவர். 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். அவருக்கு விடாமுயற்சி போதவில்லை என்று யாராவது சொன்னால், அது அநியாயம். அடைபட்ட கதவைத் திறக்க வேண்டியது பெரியவர்களின் வேலை. அதேபோல, பள்ளியில் யாராவது அடித்தாலோ, சாதி சொல்லிக் கேலி செய்தாலோ அது தாங்கிப் பழக வேண்டிய தோல்வி இல்லை. நீ நேரில் போய்க் கேட்க வேண்டும்.

பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. வளர்ந்த பிள்ளை ரிசல்ட் நேரத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினால் மனநல ஆலோசனைக்கு 104 அல்லது 14416-க்கு ராத்திரியென்றும் பார்க்காமல் கூப்பிடலாம், காசு இல்லை. மூன்று எண்ணையும் இன்றைக்கே காலண்டர் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் எழுதி ஒட்டு.