வெறுந்தேத்தண்ணியும் நெஞ்செரிவும்

கேள்வி: விடியவே வயலுக்குப் போகும் என் கணவருக்கு நெஞ்செரிவும் புளியேப்பமும் ஓயவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் இது பழகிய கதை. விடிய ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி, பிறகு மத்தியானம் வரை ஒன்றுமில்லை. இரவு பிந்தி உறைப்புக் கறியோடு வயிறு முட்டச் சோறு, கை கழுவியதும் படுக்கை. படுத்தவுடன் இரைப்பையின் அமிலம் மேலே ஏறி நெஞ்சை எரிக்கிறது.

ஆகவே மருந்துக்கு முன் நேரத்தை மாற்றுங்கள். விடியவே கொஞ்சம் பழஞ்சோறோ கஞ்சியோ கொடுத்தனுப்புங்கள். இராச்சாப்பாட்டை அளவாக்கி, படுக்க 3 மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைத்து 15 சென்ரிமீற்றர் உயர்த்தலாம். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும். புகையிலை, சாராயம் இரண்டும் எரிவைக் கூட்டும்.

மோர் சிலருக்கு இதம் தரும். பால் சற்று ஆற்றினாலும் பிறகு அமிலத்தைச் சுரக்கவைக்கும். அப்பச்சோடா வழக்கமாகக் கூடாது, அதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது.

எரிவு வயிற்றுப்புண்ணாலும் இருக்கலாம்; அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம். அதைக் கண்டறிந்த மருத்துவ ஆய்வாளர்களான மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் புண்ணை மோர் ஆற்றாது.

மலம் கறுத்தாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ, மெலிந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி கைக்குப் பரவினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.