அப்பத்தா முட்டியில் குழாய் எங்கே?

என் செல்ல மருமகளுக்கு,

எனக்குச் சளி பிடித்திருக்கிறது. புது மூட்டு வைத்தவர்கள் படுத்திருக்கும் வார்டுக்குள் இப்போது நான் வரக் கூடாது. அதனால்தான் சாப்பாட்டுக் கூடையோடு இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று போனில் கேட்டாயே: “மேலத்தெரு பெரியம்மாவுக்கு மூட்டு மாத்தினப்போ குழாயும் பாட்டிலும் தொங்குச்சே, அப்பத்தாவுக்கு ஏன் இல்ல? காப்பீட்டு அட்டையில செஞ்சதால விட்டுட்டாங்களா?” இல்லை, கண்ணு. அந்தச் சந்தேகத்தோடு நீ ஒரு ராத்திரிகூட உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் அடிமுனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் சீவி எடுப்பார்கள். சீவிய எலும்பு பஞ்சு மாதிரி இருக்கும், தையல் போட்ட பிறகும் ரத்தம் கசியும். அந்த ரத்தம் உள்ளே கட்டி நின்றால் வீங்கும், கிருமிக்குத் தீனியாகும் என்று பயந்துதான் குழாய் வைத்தார்கள். 1961-ல் அமெரிக்காவில் வா, ஸ்டின்ச்ஃபீல்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் எலும்பு அறுவைக்கு உறிஞ்சு குழாயைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பழக்கமானது.

நான் ஆர்த்தோ வார்டில் சிஸ்டராக இருந்த காலத்தில் குழாய் இல்லாத முட்டியே கிடையாது. நுனியில் பொத்தல் போட்ட மெல்லிய குழாய், அதன் மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் துருத்தி. அமுக்கி மூடிவிட்டால் அது மெல்ல விரிந்து ரத்தத்தை இழுக்கும். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, மணிக்கொரு தரம் பேனாவால் கோடு போடுவோம். முதல் நாளில் 300, 400 மில்லி சேர்வது சாதாரணம்.

திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முப்பது வருஷம் பட்டாசு ஆபீசில் தரையில் சம்மணமிட்டுச் சரம் பின்னிய முட்டி. ராத்திரியெல்லாம் அந்தத் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சிஸ்டர், அம்புட்டும் என் ரத்தமா?” என்றார். “கெட்ட ரத்தம்மா, வெளியே போகட்டும்” என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வோம். மறுநாள் அவருக்கு ஹீமோகுளோபின் இறங்கி, ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அது கெட்ட ரத்தம் இல்லை. ஏற்கெனவே ரத்தசோகையோடு வந்தவரின் சொந்த ரத்தம். நான் சொன்னது தப்பு.

மூட்டுக் குழி ஒரு மூடிய அறை. அதில் ரத்தம் நிறைந்ததும் உள்ளே அழுத்தம் ஏறி, கசிகிற வாயை அதுவே அடைக்கப் பார்க்கும். நாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அந்த அழுத்தம் உண்டாக வழியே இல்லை. 2004-ல் பார்க்கர் என்ற பிரிட்டன் மருத்துவரும் கூட்டாளிகளும் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிய 3,495 பேரின் விவரங்களை 18 ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்தார்கள். குழாய் வைத்தவர்களுக்குக் கிருமித்தொற்றும் குறையவில்லை, ரத்தக்கட்டும் குறையவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டிய தேவைதான் கூடியிருந்தது. குழாய் இல்லாதவர்களுக்குக் கட்டு நனைந்து, மேலே பஞ்சு வைத்துக் கட்ட வேண்டியது அதிகமானது, அவ்வளவே. 2015-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமும், முழங்கால் மாற்றுக்குக் குழாய் வேண்டாம் என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாக எழுதிவிட்டது.

அப்பத்தாவுக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒரு ஊசி போட்டார்கள். கேஸ் ஷீட்டில் இருக்கும், கேட்டுப் பார். உடம்பு கட்டிய ரத்தக்கட்டை உடம்பே கரைத்துவிடாமல் அது பிடித்து வைக்கும். ஜப்பானில் உத்தாகோ ஒகாமோத்தோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்ட மருந்து. பிரசவத்தில் ரத்தப்போக்கால் சாகும் பெண்களைக் காப்பாற்றத்தான் அந்த அம்மா அதைத் தேடினார். மருத்துவக் கல்லூரியில் சேரணும் என்கிறாயே, அந்தப் பேரை மனசில் வைத்துக்கொள்.

குழாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய செயற்கை மூட்டைக் கழற்றி வேறு வைக்கும்போதும், ரத்தம் கூடுதலாகப் போகும் என்று தெரிந்தபோதும் இன்றும் வைப்பவர்கள் உண்டு. வைத்தாலும் ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிட வேண்டும். நாள் ஏற ஏற அந்தக் குழாயே கிருமி நுழையும் பாதை ஆகிவிடும்.

இனி உன் வேலை. தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வை. முட்டிக்குக் கீழே வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியே இறுகிப்போகும். அப்பத்தா கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதே. கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ தெரிந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடு. முட்டிக் கட்டின் மேல் சிவப்புக் கறை தெரிந்தால் பதறாதே, கட்டைப் பிரித்தும் பார்க்காதே. கறையின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுது. ஒரு மணி நேரம் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் சிஸ்டரிடம் காட்டிவிட்டு எனக்கும் போன் பண்ணு. கூடையில் நீலப் பேனா வைத்திருக்கிறேன்.

உன் அத்தை