வண்டு சாட்சி சொல்லுமா?

அரிசியில் வண்டு விழுந்தால் அது மருந்து படாத நல்ல அரிசி என்றும், மாதக்கணக்கில் வைத்திருந்தும் வண்டு காணாத அரிசி விஷமேறிய அரிசி என்றும் ஓர் அபிப்பிராயம், கல்யாண வீடுகளிலும் ரயில் பெட்டிகளிலும் படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றிச் சொல்லப்பட்டு வருகிறது. தானியச் சேமிப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டுப் பாஸ்பீன் என்னும் வாயுவாகி, மூட்டைகளுக்குள் ஊடுருவிப் பூச்சிகளைக் கொன்றபின், தார்ப்பாயை நீக்கிக் காற்றாட விட்டதும் கலைந்து போய்விடுகிறது. மறுநாளே பக்கத்து மூட்டையிலிருந்து ஊர்ந்து வரும் வண்டைத் தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஆகவே புகை போட்ட அரிசியிலும் வண்டு விழும். புகையையே அறியாத அரிசியும், நன்றாக உலர்ந்து, பூச்சி ஏறுமுன் சுத்தமான பாத்திரத்தில் இறுக மூடப்பட்டால், வண்டின்றி இருக்கும். அதுமட்டுமன்று, பாஸ்பீனுக்கே சாகாத வண்டு வம்சங்கள் நம் நாட்டுக் கிடங்குகளில் தோன்றிவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் அரிசியில் ஊர்வது மருந்தையே காணாத வண்டா, மருந்துக்குத் தப்பிப் பிழைத்த பரம்பரையில் வந்ததா என்பதை அதன் முகத்தைப் பார்த்து யார் சொல்ல முடியும்? கைக்குத்தல் அரிசியில் சீக்கிரம் வண்டு விழுகிறதே என்பார்கள். விழத்தான் செய்யும், தவிட்டின் சத்து மனிதனுக்கு மட்டும் உரியதல்லவே!

அரிசி வண்டின் பெண், நீண்ட மூக்கினால் மணியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடுகிறது. காலில்லாத அந்தப் புழு உள்ளிருந்தபடியே மணியைத் தின்று வளர்ந்து, நமது வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவருகிறது. கடையில் மாசற்றுத் தோன்றிய அரிசி வீட்டில் வண்டு மயமாவதற்கு இதுவே காரணம். பூச்சி தின்ற தானியத்தில் அதன் கழிவான யூரிக் அமிலமும் தோலும் துகளும் கலந்திருக்கும்; இதையா தூய்மையின் அடையாளம் என்பது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை வார்த்தை வேண்டியதில்லை. பூச்சி தானே பிறக்கும் என்பதை இத்தாலிய வைத்தியர் ரெடி, மூடிய ஜாடியையும் மூடாத ஜாடியையும் கொண்டு 1668-இலேயே மறுத்துவிட்டார். வேப்பிலையும் வற்றல் மிளகாயும் வெளியிலிருந்து வரும் பூச்சியைச் சற்று விலக்கலாம்; மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யா; ஈரம் காயாத வேப்பிலையோ கெடுதலையே கூட்டும். வெயிலில் காய வைப்பது நல்லதுதான், ஆனால் மெல்லியதாகப் பரப்பி, நன்றாக ஆறியபின் அள்ள வேண்டும். பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டும் வழக்கத்தை இன்றே விடுங்கள். ரவை, மைதா முதலியவற்றைப் பொட்டலத்தோடு ஒரு வாரம் பிரீசரில் வைத்தால் செவ்வண்டின் முட்டையும் பிழைக்காது. பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அரிசியில் போடச் சொல்பவர் எவராயினும் அவர் சொல்வது மரணத்துக்கு வழி. உறங்கும் வீட்டில் அந்த வாயு மனிதரையும் கொல்லும்.

பயறு வகைகளுக்கு மட்டும் நம் முன்னோர் செய்த காரியத்தை மீண்டும் செய்யுங்கள் என்று பிரார்த்திக்கிறேன். பயறு வண்டு, முட்டையை மணியின் தோலின்மேல் ஒட்டிவைக்கிறது. பல சமயம் வயலில் காய்ந்து நிற்கும் நெற்றிலேயே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. முழுத் துவரையையும் தட்டைப்பயற்றையும் கிலோவுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைத்தால் முட்டை சரியாக ஒட்டாது. ஒட்டிய முட்டையும் காற்றின்றி மடியும். செம்மண் கட்டி வைத்த துவரையை ஏளனம் செய்தவர்கள், அந்த மண்பூச்சு மணிக்கும் வண்டுக்கும் நடுவே ஒரு தடையாய் நின்றதை யோசிக்கவில்லை. எண்ணெய் பிசறாத முழுப் பயற்றை அடுக்குவதைவிட, அதை உடைத்துப் பருப்பாக வைத்துக்கொள்வதே உத்தமம்; பயறு வண்டு உடைத்த பருப்பைவிட முழு மணியையே நாடும்.